கொக்கு காதில் சொன்னது

நேற்று நாம் படித்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போயிருந்தேன். இந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகங்களை வகுப்பில் எப்படிக் கையாளுவது என்று ஒரு நாள் சொல்லித்தரக் கூப்பிட்டிருந்தார்கள். புத்தகக் கட்டு ஒரு ஆட்டோவில் வந்தது. அந்த ஆட்டோ அதற்கு முன்னால் ஏலக்காய் மூட்டை ஏற்றியிருக்கும் போல. கயிற்றை அறுத்துப் பெட்டியைத் திறந்ததும் கூடம் முழுக்க வாசம். பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து மோந்து பார்த்துச் சிரித்தார்கள். "பாயசம் மாதிரி இருக்கு மேடம்" என்றாள் ஒருத்தி.

தேவாரம் ஊரிலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டிக்கொண்டே வந்தவள், கடைசிக்கு முந்தின பக்கத்தில் நின்று, அதை என் பக்கம் தூக்கிக் காட்டினாள்.

"மேடம், இந்தப் பக்கத்துல எழுத்தே இல்ல. அச்சுல விட்டுப்போச்சா?"

நடுரோட்டில் படுத்திருக்கும் எருமை. அதன் முதுகில் நின்று, காதுக்குள் அலகை நீட்டும் வெள்ளைக் கொக்கு. பதினாலு வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீ எடுத்த அதே புத்தகம்.

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். பிள்ளைகள் பயந்துபோய் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி மின்விசிறியை வேகமாக வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "விட்டுப்போகல ஆத்தா, அது அப்படித்தான்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அந்தப் பெண்ணும் கேட்கவில்லை.

நீ போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. மூன்று மாதமாகியும் ஒரு படத்தைப் பார்த்தால் உடம்பு இப்படி வெலவெலத்துப் போகும் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். உன்னைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை.

நம் முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். விரிவுரையாளர் அம்மா எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, "பேரு, ஊரு, ஒண்ணாம் வகுப்புல நடந்ததுல மறக்க முடியாத ஒண்ணு. இந்த மூணையும் சொல்லி உங்களை அறிமுகப்படுத்திக்கங்க" என்றார். நான் எழுந்து, சின்ன வயதிலிருந்தே ஆசிரியராவது என் லட்சியம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் சொன்னவர்களும் அதைத்தான் சொன்னார்கள், பின்னால் சொன்னவர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஒருத்தி தன் முதல் ஆசிரியையைத் தெய்வம் என்றாள். எல்லோரும் கைதட்டினோம்.

பிறகு நீ எழுந்தாய். பெயர் சொன்னாய், மலையடிவாரத்தில் ஊர் என்றாய். அப்புறம் வகுப்பறையில் பாடம் ஒப்பிப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாய்:

"ஒண்ணாங் கிளாஸ்ல எனக்குப் பேரு எருமை. அப்பாவும் அம்மாவும் ஏலக்காட்டு வேலைக்கு விடிய முன்ன ஜீப்புல ஏறிருவாக. அப்ப முழிச்சா நான் மறுபடி தூங்க மாட்டேன். ஸ்கூல்ல போய்த் தூங்கிருவேன். அதுனால டீச்சர் அப்படித்தான் கூப்பிடுவாக. பேர் கூப்பிடுறப்பவும் எருமைம்பாக. நானும் உள்ளேன் டீச்சர்னு எந்திரிப்பேன்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். விரிவுரையாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நீ அதோடு விடவில்லை. "அதான் டீச்சராகலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். உனக்கு யாரும் கைதட்டவில்லை. தட்டுவதா கூடாதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டேன். "அதையெல்லாம் எதுக்குடி எல்லார் முன்னாடியும் சொன்ன?"

"கேட்டாக, சொன்னேன். உன் டப்பாவுல என்ன?"

"தயிர்சோறு."

"கொண்டா இங்க" என்று வாங்கிக்கொண்டாய். நம் சிநேகிதம் அப்படித்தான் ஆரம்பித்தது.

புத்தகங்கள் வந்தது இரண்டாவது மாதத்தில். கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து அம்மா நடுவில் கொட்டினார். "பாடப் புத்தகம் மாதிரிப் பாக்காதீங்க. அட்டையைப் பாருங்க. படத்துல என்ன இருக்கு, எழுத்துல என்ன இல்லைன்னு பாருங்க. ஆளுக்கொண்ணு எடுத்து, நாங்கெல்லாம் ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகள்னு நெனச்சு வாசிச்சுக் காட்டணும்" என்றார். நான் தேடித்தேடி, கடைசிப் பக்கத்தில் நீதி எழுதியிருந்த புத்தகம் ஒன்றை எடுத்தேன். நீ அட்டையைப் பார்த்ததுமே என் விலாவில் இடித்தாய்.

"இங்க பாருடி, எம்பேர்ல புத்தகமே போட்டுருக்காங்க."

கதை அவ்வளவு பெரியதில்லை. மலை ரோட்டின் நடுவில் ஒரு எருமை படுத்துவிடுகிறது. பஸ் வந்து நிற்கிறது. ஜீப் வந்து நிற்கிறது. ஆட்டு மந்தை வந்து நிற்கிறது. ஆரன் அடிக்கிறார்கள், கத்துகிறார்கள், கெஞ்சுகிறார்கள். எருமை அசையவில்லை. கடைசியில் ஒரு கொக்கு பறந்து வந்து அதன் காதில் ஏதோ சொல்கிறது. மறுபக்கத்தில் எருமை எழுந்து போய்க்கொண்டிருக்கிறது. கொக்கு என்ன சொன்னது என்று புத்தகத்தில் இல்லை.

நான் நேராக நின்று, குரலை உயர்த்தித் தாழ்த்தி வாசித்தேன். அம்மா நல்லது என்றார். நீ எங்களில் சிலரைப் பஸ்ஸாகவும் ஜீப்பாகவும் ஆடுகளாகவும் நிறுத்திவிட்டு, பயிற்சிப் பள்ளிச் சேலையோடு சிமெண்ட் தரையில் அப்படியே படுத்துவிட்டாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா ஏதாவது சொல்லப் போகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வாயில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணைத் திறந்து நீ என்னைப் பார்த்தாய். "நீதான்டி கொக்கு. வா."

குனிந்து உன் காதில் சொன்னேன்: "எந்திரிடி, சேலை அழுக்காகுது."

நீ குலுங்கிச் சிரித்துக்கொண்டே எழுந்தாய்.

அன்றைக்கும் ஒருத்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள். அந்தப் பக்கத்தில் ஏன் எழுத்தில்லை என்று. அம்மா பதில் சொல்வதற்குள் நீ சொன்னாய்: "கொக்கு என்ன சொல்லுச்சுன்னு எழுதிட்டா, அப்புறம் பிள்ளைகளுக்கு என்ன சோலி?" பிறகு பஸ் நிறுத்தத்தில் வைத்து நான் உன்னிடம் சண்டை போட்டேன். டீச்சர் தரையில் படுத்தால் பிள்ளைகள் மதிக்குமா என்றேன். "பிள்ளைக தரையிலதானடி உக்காந்திருக்குக" என்றாய்.

தேர்வு எழுதி, வருஷக்கணக்காய்க் காத்திருந்து, ஒருவழியாக இருவருக்கும் வேலை கிடைத்தது. எனக்குப் போடி டவுனில். உனக்கு மலையடிவாரத்தில், இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில். உன் வகுப்புப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரை மேலே தோட்டத்துக்கு ஏற்றிப்போகும் ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுபவர் உன் வீட்டுக்காரர் முருகேசன் அண்ணன். உன் சொந்தக் காசில் அந்த எருமைப் புத்தகத்தை வாங்கி வைத்திருந்தாய். வருஷம் தவறாமல் ஒண்ணாம் வகுப்புக்கு அதை நடித்துக் காட்டினாய். யார் கொக்கு என்பதில் பிள்ளைகளுக்குள் அடிதடி என்று போனில் சொல்லிச் சிரிப்பாய். எருமையை யாரும் தொடக்கூடாது, கொக்கு சொன்னபிறகு அது தானாகத்தான் எந்திரிக்கும். அதுதான் உன் வகுப்பின் விதி. கொக்கு சொன்னதை நீ யாரிடமும் சொல்ல மாட்டாய் என்பதும் விதி.

ஆடி மாதம், புதன்கிழமை. நான் பலகையில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் தலைமையாசிரியை ஜெயசீலி டீச்சர் போனில் அழைத்தார்.

"டீச்சர், கொஞ்சம் வெரசா பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. உங்க சிநேகிதி கிளாஸ்ல விழுந்துட்டாங்க."

விழுந்துட்டாங்க என்றால் வழுக்கி விழுந்திருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். கால் பிசகியிருக்கும், குதித்திருப்பாய், நீ சும்மா இருக்கிற ஆளா. வழியில் மருந்துக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்தி, கணுக்காலுக்குக் கட்டும் துணிக்கட்டு ஒன்று வாங்கினேன். கடைக்காரரிடம் நல்ல அகலமாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது, ஜெயசீலி டீச்சர் சுவரில் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினார். எனக்குப் புரியவில்லை. "எந்தக் காலு?" என்று கேட்டேன். கேட்டேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். ஓரிரு நிமிஷத்தில் முடிந்திருக்கும், யார் கூட இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். முப்பத்தாறு வயது. அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே துணிக்கட்டின் மேலிருந்த தாளைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றதை ஜெயசீலி டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். அன்றைக்கு எருமைக் கதை. பஸ், ஜீப், ஆடுகள் எல்லாம் வரிசையில் நின்றிருக்கின்றன. நீ வழக்கம்போலத் தரையில் படுத்திருக்கிறாய். கொக்கு வந்து காதில் சொல்லிவிட்டு நகர்ந்து நின்றிருக்கிறது. நீ எழவில்லை. பிள்ளைகள் காத்திருந்திருக்கிறார்கள். நீ சொன்ன விதிப்படி ஒருவரும் உன்னைத் தொடவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. பக்கத்து அறையில் நாலாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜெயசீலி டீச்சர், இந்த அறை இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, நல்ல பிள்ளைகள் என்று நினைத்திருக்கிறார். இருபது நிமிஷம். அப்புறம் கொக்காக நின்ற பவித்ரா என்கிற பிள்ளை அவரிடம் போயிருக்கிறாள்.

"கொக்கு சொல்லியும் எருமை எந்திரிக்கல டீச்சர்."

முருகேசன் அண்ணன் மலையிலிருந்து இறங்கி வர மத்தியானம் ஆகிவிட்டது. அந்த ரோட்டில் ஒவ்வொரு நாளும் அவருக்காகப் பயந்தவள் நீ. பயப்பட வேண்டியது ஜீப்புக்கும் வளைவுக்கும்தான் என்று நாங்களும் நம்பியிருந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை எடுக்க மறந்து, இறங்கி ஓடிவந்தார். வாசலில் வெகுநேரம் வண்டியின் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் அவர் வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அன்னைக்குக் காலையில அவ உங்ககிட்டப் பேசுனாளா?" ஜெயசீலி டீச்சரிடம் கேட்டார். உன் அம்மாவிடம் கேட்டார். என்னிடமும் வந்து கேட்டார்.

"இல்லண்ணே" என்றேன்.

அது பொய் என்று உனக்குத் தெரியும்.

வேறு ஆள் போடும்வரை வாரத்தில் மூன்று நாள் உன் வகுப்பைப் பார்த்துக்கொள்ள எனக்கு உத்தரவு வந்தது. மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. முதல் நாள், நமக்குச் செய்ததைப் போலவே பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்தேன். "நான் புது டீச்சர். நீங்க யார் யாருன்னு எனக்குத் தெரியாதுல்ல? ஒவ்வொருத்தரா சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

முதலில் ஒரு பிள்ளை எழுந்தது. பெயரைச் சொன்னது. பிறகு சொன்னது: "அன்னைக்கு நான் பஸ்ஸு டீச்சர்."

அடுத்தது எழுந்தது. "நான் ஜீப்பு."

"நான் ஆடு டீச்சர்."

"நானும் ஆடு."

நான் அவர்களை நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை. பதினேழு பிள்ளைகளில் பதினாறு பேரும் அன்றைக்கு எந்த இடத்தில் நின்றார்கள் என்பதைத்தான் தங்கள் அடையாளமாகச் சொன்னார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த பிள்ளை எழவேயில்லை. இரட்டைச் சடை, முன்பல் இரண்டும் விழுந்த வாய். பக்கத்துப் பிள்ளை அவளுக்காகச் சொன்னது: "இவதான் கொக்கு. இவ இப்பப் பேச மாட்டா டீச்சர்."

பவித்ரா வீட்டிலும் பேசுவதில்லை என்று அவள் அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனாள். "பேய் கீய் அடிச்சிருக்குமோன்னு மந்திரிச்சும் பாத்துட்டோம் டீச்சர். சோறு வேணுமான்னா தலைய ஆட்டுறா. அம்புட்டுத்தேன்." அந்த அம்மாவும் விடியுமுன் ஜீப் ஏறுகிறவள்தான். அன்றைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நீ இருந்தால் என் காதைத் திருகியிருப்பாய். மூன்றாவது வாரம், இந்தப் பயத்தை உடைத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்தக் கதையை மறுபடி நடித்து, எருமை எழுந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வகுப்பில் ஒரு நாளும் தரையில் உட்காராதவள், அன்றைக்கு அவர்கள் முன்னால் படுத்தேன்.

கண்ணை மூடி ஒரு மூச்சுகூட விடவில்லை. ஒரு பிள்ளை வீலென்று கத்தியது. பிறகு எல்லாம் கத்தின. என் கையைப் பிடித்து இழுத்தார்கள், தோளை உலுக்கினார்கள், ஒரு பிள்ளை "பெரிய டீச்சர், பெரிய டீச்சர்" என்று அலறிக்கொண்டே பக்கத்து அறைக்கு ஓடியது. எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நான் நல்லாருக்கேன்" என்று கத்தினேன். என் குரல் அவர்களுக்குக் கேட்கவே இல்லை. பவித்ரா மட்டும் கத்தவில்லை. சுவரோடு ஒட்டி நின்று, இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்தியிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளைக்குப் பேச வராமல் இல்லை. எதுவும் வெளியே வந்துவிடக் கூடாது என்று வாயை அடைத்து வைத்திருக்கிறது.

அதன்பிறகு நான் கதைப் பக்கமே போகவில்லை. கூடவே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். எழுதும்போது தரையில் உட்கார்ந்தேன். சாப்பிடும்போது அவர்கள் வரிசையிலேயே தட்டோடு உட்கார்ந்தேன். ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் குழாயடியில் நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது பவித்ரா வந்து என் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் கேட்டது.

"நான் சொன்னது டீச்சருக்குக் கேட்டுச்சா?"

குழாயை நிறுத்தினேன். "என்ன சொன்ன ஆத்தா?"

அவள் என்னைக் குனியச் சொல்லிக் கையால் சைகை காட்டினாள். என் காதருகே வந்து சொன்னாள்:

"இன்னும் கொஞ்ச நேரம் தூங்குன்னு சொன்னேன்."

தட்டைக் கீழே வைத்தேன்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"டீச்சர் காலையிலேருந்து தலையப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. தலை வலிச்சா எங்கம்மா தூங்கணும்னு சொல்லும். அதான் சொன்னேன். டீச்சர் எந்திரிக்கவே இல்ல."

ஒன்றரை மாதமாக அந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் வந்திருக்கிறாள். தான் தூங்கச் சொன்னதால் நீ தூங்கிவிட்டாய் என்று. இனி எது சொன்னாலும் அப்படியே நடந்துவிடும் என்று.

ஈரக் கையோடு அவளை இழுத்து என் முன்னால் நிறுத்திச் சொன்னேன். டீச்சருக்குத் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் உடைந்துவிட்டது. அது பேச்சால் உடைவதில்லை. பஸ்ஸு, ஜீப்பு, ஆடு, கொக்கு யாரும் அதைச் செய்யவில்லை. டாக்டரே சொன்னார். இவ்வளவும் சொன்னேன். அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை. பெரியவர்கள் சமாதானத்துக்குச் சொல்லும் பேச்சை இந்த வயதுப் பிள்ளைகள் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள். அப்போதுதான், யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

"பவித்ரா, அன்னைக்குக் காலையில உங்க டீச்சர் எனக்குப் போன் பண்ணுனா. தலை வலிக்குதுன்னு சொன்னா. நான் தூங்குன்னு சொல்லல. மாத்திரையப் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போ, சரியாப் போயிரும்னு சொன்னேன். நீதான் அவளைத் தூங்கச் சொன்ன. நீ சொன்னதுதான் சரி."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "நீங்க இதை யார்ட்டயும் சொல்லலையா?"

"சொல்லல."

"பயமா டீச்சர்?"

"ஆமா."

"எனக்கும்" என்றாள். அவள் தட்டை என்னிடம் நீட்டினாள். கழுவிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் பள்ளிவிட்டுப் போகும்போது, ஆடாக நின்ற பிள்ளையோடு அவள் பென்சிலுக்குச் சண்டை போடுவது என் காதில் விழுந்தது. எவ்வளவு நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. பழையபடி ஆகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். எருமைப் புத்தகம் இருக்கும் அலமாரிப் பக்கம் இன்னும் அவள் போவதில்லை. ஆனால் பேசுகிறாள். வீட்டிலும் பேசுகிறாளாம்.

ஆறு வயதுப் பிள்ளை சொல்லிவிட்டது. எனக்கு அதன்பிறகும் மூன்று வாரம் பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் வீட்டுக்குப் போனேன். தோட்டத்துக்கு லீவு. முருகேசன் அண்ணன் வீட்டு வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். "வாங்க தங்கச்சி" என்றவர் நாற்காலி எடுத்துவர உள்ளே போகப் பார்த்தார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க கேட்டதுக்குப் பொய் சொல்லிட்டேன். காலையில அவ எங்கிட்டப் பேசுனா."

கையிலிருந்த துணியை வாளிக்குள் போட்டார். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் வேறொன்றைச் சொன்னார்.

"எனக்கும் அடிச்சா தங்கச்சி. நான் எடுக்கல."

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டாவது லோடு ஏத்திக்கிட்டுப் போயிட்டிருந்தேன். வளைவுல போன் அடிச்சா எடுக்கக்கூடாதுன்னு அவதான் சத்தியம் வாங்கி வச்சிருந்தா. மேல போய்ப் பாத்தா அவ நம்பர். திருப்பிக் கூப்புட்டேன். அவ கிளாசுக்குப் போயிட்டா போல, எடுக்கல. அப்புறம் அந்த போன்ல ஜெயசீலி டீச்சர்தான் பேசுனாங்க." மூச்சை இழுத்துக்கொண்டார். "அவ எதுக்குக் கூப்புட்டான்னு தெரியாமத்தான் எல்லார்ட்டயும் கேட்டேன். நான் எடுத்திருந்தா எம்மேல ஏதும் கோவமான்னாவது தெரிஞ்சிருக்கும். எடுக்கலையேன்னு நெனச்சிருப்பா. அதை நெனச்சுக்கிட்டே போயிட்டா."

நீ அன்று என்னிடம் பேசியது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதில் பாதியை நான் மறந்தேபோயிருந்தேன். நான் சொன்ன பதில் மட்டும்தான் இத்தனை நாளும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நீ சொன்னதில் இன்னொரு வரியும் இருந்தது என்பது, அந்த மனிதர் எதிரில் நிற்கும்போதுதான் திடுக்கென்று நினைவுக்கு வந்தது.

"அண்ணே, அவ உங்களைப் பத்திச் சொன்னா."

"என்ன சொன்னா?"

"'தலை வலிக்குதுடி. அவருக்கு அடிச்சேன், எடுக்கல. நல்லவேளை, வளைவுல இருப்பாரு'ன்னு சொன்னா."

அவர் ஜீப்பின் படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஈரத்தரையில் உட்கார்ந்தார்.

"நல்லவேளைன்னா சொன்னா?"

"ஆமாண்ணே."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். அவள் சொன்ன மாதிரியே சொல்லுங்கள் என்றார். உன் குரல் எனக்கு வராது. ஆனாலும் நீ அந்த வார்த்தையை இழுத்து, லேசாகச் சிரித்துச் சொன்னதை என்னால் முடிந்தவரை சொல்லிக் காட்டினேன். மூன்றாவது தடவை சொல்லும்போது அவர் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். அந்த மனிதருக்குச் சேரவேண்டிய ஒரே ஒரு வார்த்தையை, என் பயத்துக்காக இரண்டு மாதத்துக்கு மேல் நான் அமுக்கி வைத்திருந்தேன். அந்தச் சாவு வீட்டில் "இல்லண்ணே" என்று சொன்ன இடத்திலேயே இதைச் சொல்லியிருக்கலாம்.

அவர் கேட்காமலே மிச்சத்தையும் சொன்னேன். என் பதிலை. மாத்திரையைப் போட்டுட்டுப் போடி, சரியாப் போயிரும் என்றதை.

பிறகு எழுந்து வேட்டியைப் பிழிந்துவிட்டு, வாளியை எடுத்தார்.

"நானும் அதைத்தான் தங்கச்சி சொல்லியிருப்பேன்" என்றார். ஜீப்பின் மறுபக்கத்தைக் கழுவப் போனார்.

அவர் என்னை மன்னித்துச் சொன்னாரா, உள்ளதைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும், உன் வீட்டுக்காரர். நான் அங்கேயே நின்று, இன்னொரு துணியை எடுத்து முன்பக்கக் கண்ணாடியைத் துடைத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.